கூட்டு வலி மாத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நகரம் ஒன்றில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். முழங்கால் வலி, குறுக்கு வலி, பல் பிடுங்கிய வலி, எலும்பு முறிவு, ஆபரேஷன் முடிந்த வலி என்று வருகிறவர்கள் நீட்டும் சீட்டுகளில் பல வேளை கூட்டு மாத்திரைதான் எழுதப்பட்டிருக்கிறது. மருந்தை வாங்கிக்கொண்டு படி இறங்கியவர்கள் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களைச் சோதித்துப் பார்த்த டாக்டர் சொன்ன அளவும் நாட்களும்தான் உங்களுக்கான கணக்கு. அதைத் தவறின்றிப் பின்பற்ற உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கூட்டு மாத்திரை என்றால் என்ன? ஒரே மாத்திரையில் ஏன் இரண்டு மருந்து?

வலி ஒரே இடத்தில் பிறப்பதில்லை. அடிபட்ட இடத்தில் வீக்கம் இருக்கிறது. அங்கிருந்து நரம்பு வழியே செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. மூளை அதை வலியாக உணர்கிறது. வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் இரண்டு மருந்துகளைச் சேர்த்தால், ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் கொடுத்தே நல்ல பலன் பெறலாம் என்பதுதான் இதன் அடிப்படை.

நம் கடைகளில் அதிகம் போகும் வகைகள் மூன்று. அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்தது முதல் வகை, ஜெரோடால்-பி அப்படிப்பட்டது. இபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்தது இரண்டாவது, காம்பிஃப்ளாம் என்று பலருக்கும் தெரியும். டிரமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்தது மூன்றாவது, அல்ட்ராசெட் இந்த வகை. மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பதைக் கவனியுங்கள். நான் சொல்ல வருவதில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

டாக்டர் கொடுத்த வலி மாத்திரையோடு, காய்ச்சல் வந்தால் டோலோ 650 போட்டுக்கொள்ளலாமா?

கேட்காமல் போடாதீர்கள். டோலோவும் பாராசிட்டமால்தான். ஏன் என்பதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

மழைக்காலம். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, மஞ்சள் பையிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். முழங்காலுக்கு எலும்பு டாக்டர் கொடுத்த அசெக்ளோஃபெனாக்–பாராசிட்டமால், காலை ஒன்று, இரவு ஒன்று. வலி அடங்கவில்லை என்று இன்னொரு இடத்தில் காட்டியபோது கொடுத்த டிரமடால்–பாராசிட்டமால், மூன்று வேளை. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று மகன் வாங்கி வந்த பாராசிட்டமால் 650, மூன்று வேளை. மூக்கடைப்புக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த சளி மாத்திரை, அதுவும் மூன்று வேளை. "எல்லாம் வேறு வேறு நிறம்தானே தம்பி, சேர்த்துப் போடலாம் இல்லையா?" என்று கேட்டார்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கூட்டினேன். முதல் அட்டையில் இரண்டு முறை 325, ஆக 650. இரண்டாவதில் மூன்று முறை 325, ஆக 975. மூன்றாவதில் மூன்று முறை 650, ஆக 1,950. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் 500 இருந்தது. மூன்று முறைக்கு 1,500. மொத்தம் 5,075 மி.கி. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச அளவு 4,000 மி.கி.தான். உடல் மெலிந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் ஆகியோருக்கு டாக்டர்கள் அதை 2,000 முதல் 3,000-க்குள் நிறுத்துவார்கள். நல்ல வேளையாக, சளி மாத்திரையை அன்று காலைதான் அவர் தொடங்கியிருந்தார். எலும்பு டாக்டரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். டிரமடால் மாத்திரையையும் சளி மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அசெக்ளோஃபெனாக்கையும் நிறுத்திவிட்டு, அன்றே ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்.

அசெக்ளோஃபெனாக்கை ஏன் நிறுத்தச் சொன்னார் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. மழைக்காலத்துக் காய்ச்சல் டெங்குவாக இருக்கக்கூடும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும்போது அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு அளவான பாராசிட்டமால் மட்டும் போதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்த அன்றே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பாராசிட்டமால் சாதாரண மாத்திரைதானே? கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும்?

அளவோடு போட்டால் இவற்றில் அதுதான் மிகப் பாதுகாப்பானது. அளவு மீறினால் ஈரலை அழிக்கக்கூடியதும் அதுவே.

நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. குளுடாதையோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. மருந்து அளவு மீறும்போது குளுடாதையோன் தீர்ந்துபோகிறது. பிறகு அந்த நச்சு ஈரலின் செல்களையே தாக்குகிறது. பட்டினி கிடப்பவர்களுக்கும் தொடர்ந்து குடிப்பவர்களுக்கும் அந்தக் கையிருப்பு முன்பே குறைவு.

என்னை அதிகம் பயப்பட வைப்பது, முதல் நாளில் ஒன்றும் தெரியாது என்பதுதான். லேசான குமட்டல், பசியின்மை, சோர்வு. சிலருக்கு அதுவும் இராது. வலது விலாவுக்குக் கீழே வலியும் கண்ணில் மஞ்சளும் வருவதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறிவு மருந்து இருக்கிறது. அதிக அளவு உட்கொண்ட எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும், தாமதமானாலும் கொடுப்பார்கள். கண்ணில் மஞ்சளைப் பார்த்ததும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மாத்திரை அளவு மீறியதால் வந்த காமாலையில் அதற்காகச் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கே ஆபத்தைக் கூட்டும். அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதை எங்கே பார்ப்பது?

அட்டையின் பின்பக்கம், வெள்ளித் தாளில், பொடி எழுத்தில். பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் அருகிலோ கீழேயோ மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கும். ஆங்கிலத்தில்தான் அச்சிடுகிறார்கள். படிக்கத் தெரியாது என்று கூச்சப்படவே வேண்டாம். "இதில் பாராசிட்டமால் இருக்கிறதா, எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இதில் எங்கள் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. பத்து மாத்திரை அட்டையில் நான்கு கேட்டால், கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்துவிடுகிறோம். பெயர் ஒரு துண்டில் நிற்கும். காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போய்விடும். வீட்டில் டப்பாவுக்குள் கிடக்கும் அந்தத் துண்டு எதற்கான மருந்து என்று ஒரு மாதம் கழித்து எவராலும் சொல்ல முடியாது. நான் இப்போதெல்லாம் ஒரு சிறு உறையில் போட்டு, மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் வாங்கும் கடையிலும் கேட்டு வாங்குங்கள். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 மருந்துகளில் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கைபேசியால் அதைப் படித்தும் விவரம் பார்க்கலாம்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் டைலெனாலும் பாராசிட்டமால்தான். அங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென்.

'எஸ்பி' என்று முடியும் மாத்திரை வேறா?

அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமாலோடு செராஷியோபெப்டிடேஸ் என்ற நொதியையும் சேர்த்தது அது. வீக்கம் சீக்கிரம் வடியும் என்று சொல்லித்தான் கொடுக்கப்படுகிறது. ஆனால் ஜப்பானில் இந்த நொதியைப் பல்லாண்டு விற்றுவந்த டகேடா நிறுவனம், புதிதாக நடத்திய ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை என்பதால், 2011-ல் தானே சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. என் கருத்தைக் கேட்டால், வலியைக் குறைப்பது மற்ற இரண்டும்தான். சீட்டில் எழுதியிருந்தால் அது இல்லாத வகை போதுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம், காசும் மிச்சம்.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? கூடவே கேஸ் மாத்திரை ஏன்?

அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் உள்ளவை சாப்பாட்டுக்குப் பின். டிரமடால் உள்ளதை எப்படியும் போடலாம்; வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்டபின் போடுங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பூச்சை உடம்பு உண்டாக்க உதவும் புரோஸ்டாகிளாண்டினை இந்த மருந்துகள் ரத்தத்தின் வழியாகவே குறைக்கின்றன. ஊசியாகப் போட்டாலும் அதே விளைவு உண்டு. அதனால்தான் வயதானவர்களுக்கும், முன்பு புண் இருந்தவர்களுக்கும், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் அல்லது ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் கேஸ் மாத்திரை என்று நீங்கள் சொல்லும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற ஒன்றைச் சேர்த்து எழுதுகிறார்கள். அதைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்டபின் போட்டால் பலன் குறைவு. தார் போலக் கறுத்து, ஒட்டும் மலம் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்றாலும், எதனால் என்பதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்யாதீர்கள்.

பிரஷருக்கும் சுகருக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். சேரலாமா?

வலிக்காகப் போகும்போது இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பிரஷர் ஒரு டாக்டர், முழங்கால் இன்னொரு டாக்டர் என்று இருவேறு கோப்புகளாக நினைக்கிறோம். சிறுநீரகம் இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறது.

லோசார்டன், டெல்மிசார்டன், எனலாபிரில், ராமிப்ரில் போன்றவை சிறுநீரக வடிகட்டியைவிட்டு ரத்தம் வெளியேறும் குழாயை விரிக்கின்றன. அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மருந்துகள் ரத்தம் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகின்றன. நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் உடம்பில் நீரே குறைகிறது. வரத்து குறைந்து வடிகாலும் அகன்ற வாய்க்காலில் தண்ணீர் எப்படித் தேங்கி நிற்கும்? வடிகட்டும் அழுத்தம் விழுந்து, சில நாட்களிலேயே சிறுநீரகம் பழுதாகலாம். பல பிரஷர் மாத்திரைகளே நீர் பிரியும் மருந்தைச் சேர்த்துத்தான் வருகின்றன; பெயரின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதுதான். வெயிலில் நாற்று நடுகிறவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், வாந்திபேதி கண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வலி மாத்திரை சில நாட்களுக்கு மேல் தேவைப்பட்டால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். இவ்வகை மாத்திரைகள் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் அதை முதல் வார்த்தையாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அசெக்ளோஃபெனாக்கும் டைக்ளோஃபெனாக்கும் அவர்களுக்கு ஏற்றவை அல்ல.

டிரமடால் சிலருக்குச் சர்க்கரையைத் தாழ்த்தும். இன்சுலின் போடுகிறவர்களுக்குத் திடீரென வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்துசேரும் பிரஷர், சுகர் மாத்திரைகளைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டாக்டரிடம் போகும்போது அவற்றையும் அதே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

"ஊசி ஒன்று போட்டுவிடுங்கள்" என்று போட்டுக்கொண்டேன். மாத்திரையையும் போடலாமா?

வலிக்குப் போடும் ஊசி பல இடங்களில் டைக்ளோஃபெனாக். வீட்டில் காத்திருக்கும் மாத்திரையில் அசெக்ளோஃபெனாக் இருந்தால், இரண்டும் ஒரே குடும்பம். போட்ட ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கி, அடுத்த மாத்திரை எப்போது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

டிரமடால் உள்ள மாத்திரை போட்டால் கிறுகிறுப்பாக இருக்கிறதே?

அது ஓபியாய்டு வகை, அதாவது மார்ஃபின் குடும்பம்; மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கிறது. முதல் சில நாட்கள் கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம் இருக்கும். இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம். மரம் ஏறுவது, மேல்தளத்தில் நின்று வேலை செய்வது வேண்டாம். வயதானவர்கள் இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். ஒரு விளக்கு எரியட்டும், யாராவது துணைக்கு எழுந்துகொள்ளுங்கள். மலச்சிக்கல் நாள் கடந்தாலும் விடாது. தண்ணீர், கீரை, பழம் போதாவிட்டால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு டிரமடால் ஆபத்து. அல்பிரசோலம், குளோனாசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். மனச்சோர்வுக்குச் சாப்பிடும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃபுளுவாக்செட்டின் ஆகியவற்றோடு சேர்ந்தால் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் கூடி, படபடப்பு, கடும் வியர்வை, நடுக்கம், குழப்பம் வரலாம். மனநல மருந்து சாப்பிடுவதைச் சொல்லத் தயங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் நிற்கிறது என்று நினைத்தால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். உங்கள் உயிர் அதைவிடப் பெரியது.

சீட்டு இல்லாமல் டிரமடால் தர ஏன் மறுக்கிறீர்கள்? போன மாதம் நீங்களே கொடுத்ததுதானே?

போன மாதச் சீட்டு போன மாத வலிக்கு. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய, கட்டுப்பாடு அதிகமான மருந்துகளின் எச்1 பட்டியலில் டிரமடால் இருக்கிறது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிப்படி, வாங்குபவர், எழுதிய டாக்டர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்துக்கு அப்பாலும் காரணம் உண்டு. வேலை செய்யத் தெம்பாக இருக்கிறது என்று தொடங்கி, அது இல்லாமல் எழவே முடியாத நிலைக்கு வந்த இளைஞர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பல வாரமாகச் சாப்பிடுகிறேன். வலி குறைந்துவிட்டது, நிறுத்திவிடலாமா?

அசெக்ளோஃபெனாக் வகையை வலி நின்ற அன்றே நிறுத்தலாம். குறைந்த அளவு, குறைந்த நாள் என்பதே அதற்குச் சரி. டிரமடாலை வாரக்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடல்வலி, வியர்வை, பதற்றம், தூக்கமின்மை வரும். அது உடம்பு பழகிப்போனதன் அடையாளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டர் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்.

புற்றுநோய் வலியில் இருப்பவர்களின் குடும்பத்தாரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "பழகிவிடும்" என்ற பயத்தில் அவர்களுக்கு மாத்திரையைக் குறைத்துக் கொடுக்காதீர்கள். டிரமடால் போதாதபோது மார்ஃபின் வரை கொடுத்து வலியை அடக்க வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. கேளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். சீட்டில் 'எஸ்ஓஎஸ்' என்று எழுதியிருந்தால், வலி இருந்தால் மட்டும் என்று பொருள். அப்போதும் இரண்டு மாத்திரைக்கு நடுவே எத்தனை மணி நேரம், ஒரு நாளில் எத்தனைக்கு மேல் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாத்திரை போடும் நாட்களில் மது?

வேண்டாம். மூன்று வகைக்கும் இதே பதில். பாராசிட்டமாலோடு ஈரலும், அசெக்ளோஃபெனாக்கோடு இரைப்பையும், டிரமடாலோடு மூச்சும் ஆபத்தில் இருக்கின்றன.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள்?

கர்ப்பத்தில் இருபதாவது வாரம் முதல் அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகையைத் தவிர்க்க வேண்டும். குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயும் முன்கூட்டியே மூடிவிடலாம். டிரமடாலை ஈரல் இன்னும் வலிமையான பொருளாக மாற்றுகிறது. சிலருடைய பிறவி அமைப்பால் அந்த மாற்றம் மிக வேகமாக நடந்து, மூச்சு மந்தமாகலாம். அதனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அது கூடவே கூடாது; பாலூட்டும் தாய்க்கும் தவிர்க்கிறார்கள். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

எழுப்பினால் எழாத தூக்கம், மெதுவான அல்லது விட்டுவிட்டு வரும் மூச்சு, உதடு நீலமாதல், வலிப்பு, முகமோ நாக்கோ வீங்குதல், கறுப்பு மலம், ரத்த வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், கண்ணில் மஞ்சள். இவற்றில் ஒன்று போதும், 108-ஐ அழையுங்கள். வேண்டுமென்றே யாராவது அதிகமாக விழுங்கியிருந்தால் திட்டிக்கொண்டு நேரம் கடத்தாதீர்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலியான அட்டைகளையும் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எது, எத்தனை, எத்தனை மணிக்கு என்ற மூன்று விவரங்களை வைத்துத்தான் நச்சுமுறிவு மருந்தை முடிவு செய்வார்கள்.

மீந்த மாத்திரைகளை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே முழங்கால் வலிதான்.

கொடுக்காதீர்கள். முழங்கால் ஒன்றுபோல இருக்கலாம். அவருடைய சிறுநீரகமும் ஈரலும் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. டிரமடால் மீந்தால் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டினால் ஆபத்து என்பதால், கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட 17 மருந்துகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மற்ற மாத்திரைகளை அப்படிக் கொட்டாதீர்கள். அட்டையோடு கடைக்குக் கொண்டுவாருங்கள், எடுத்துக்கொள்கிறோமா என்று கேளுங்கள். நான் எடுத்துக்கொள்கிறேன். மேசைக்கு அடியில் அதற்கென்றே ஒரு மூடி போட்ட டப்பா வைத்திருக்கிறேன்; மருத்துவக் கழிவு வண்டி வரும்போது அதில் ஏற்றிவிடுவேன்.